ஒரு முறம் தவிடு

மணியம்மைக்கு வயிற்றில் பிள்ளை பிறக்கவில்லை. ஆனாலும் கே.ஜி.கண்டிகையில் யாரைக் கேட்டாலும் அவளுக்கு ஒரு மகன் உண்டு என்றுதான் சொல்வார்கள். ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிய மகன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை. எங்கள் பக்கத்தில் ஒருத்திக்குப் பிறக்கும் பிள்ளைகள் வரிசையாகச் செத்துக்கொண்டிருந்தால், அடுத்துப் பிறப்பதை வேறு ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். எமன் வந்து பார்த்துவிட்டு, இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை போலிருக்கிறது என்று ஏமாந்து திரும்புவானாம். பால் கொடுப்பதும் வளர்ப்பதும் பெற்றவள்தான். பிள்ளை யாருடையது என்றால் மட்டும் வாங்கினவளுடையது. கல்யாண வயசு வந்ததும் பெற்றவர்கள் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வார்கள். அதோடு சரி.

மணியம்மை மணவூரிலிருந்து எங்கள் ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த சில வருஷத்திலேயே ஒரு விஷக்காய்ச்சலில் புருஷன், மாமனார், மாமியார் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராகப் போய்விட்டார்கள். பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. நடவு, களை, அறுப்பு என்று கூலிக்குப் போனாள். வேலை இல்லாத மாதங்களில் மலைச்சரிவில் சுள்ளி பொறுக்கித் திருத்தணிச் சத்திரங்களில் விற்றாள். வாய் கொஞ்சம் நீளம். ஒண்டிக்கட்டைக்கு வாய்தானே வேலி.

அவளுக்குப் பக்கத்து வீடு ஜெயம்மாள். மூன்று பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தவள். நாலாவதாக ஒரு பையன் பிறந்தபோது, அவனை விற்பதற்கு மணியம்மையிடம் போனாள். பிள்ளைகுட்டியோடு இருக்கும் சுமங்கலியாகப் பார்த்து விற்பதுதான் வழக்கம். அறுத்தவளிடம் போய் விற்கிறாளே என்று ஊரே ஏசியது. ஜெயம்மாள் அசரவில்லை.

"அவ ஊட்டுல எமன் எடுத்துகினு போறதுக்கு இனிமே இன்னா கீது? மொத்தமா தொடச்சி எடுத்துகினு பூட்டான். காலி ஊட்டுக்கு எவனாச்சும் திரும்பி வருவானா?" என்றாள்.

மணியம்மை ஒரு முறம் தவிட்டைக் கொடுத்துவிட்டுப் பிள்ளையை வாங்கினாள். ஒரு நாழிகை மடியில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். அதுதான் எல்லப்பன்.

எல்லப்பன் தப்பிப் பிழைத்தான். மீசை அரும்பும் வயசில் ஊரில் வாந்திபேதி வந்தது. ஒரே வாரத்தில் ஜெயம்மாளும் அவள் புருஷனும் போனார்கள். அதே பாயில் படுத்து, அதே பானைத் தண்ணீரைக் குடித்த பையன் மட்டும் எழுந்து உட்கார்ந்தான். 'பாத்தியா, எமன் அந்த ஊட்டு ஆளுங்கள மட்டும் எண்ணி எடுத்துகினு போயிட்டான்' என்றது ஊர். அதற்கப்புறம் தவிட்டு விஷயம் எங்கள் ஊரில் விளையாட்டுப் பேச்சாக இருக்கவில்லை. மணியம்மை பிள்ளையைக் கையைப் பிடித்துத் தன் குடிசைக்கு அழைத்துப் போனாள். பேருக்கு வாங்கின பிள்ளைக்கு நிஜமாகவே கஞ்சி ஊற்றி வளர்த்தாள். பாஞ்சாலியைக் கட்டிவைத்ததும் அவள்தான். மீட்க வேண்டியவர்கள் செத்துப் போனதால் எல்லப்பன் கடைசிவரை மீட்கப்படாமலே இருந்தான். அதைப் பற்றி அவர்கள் கவலைப்படவும் இல்லை. எதற்குக் கவலைப்பட வேண்டும்? தாய் என்றால் தாய், மகன் என்றால் மகன்.

கவலை வந்தது சண்டை முடிந்த வருஷம். ஜெர்மன்காரன் தோற்றான், ஜப்பான்காரன் தோற்றான், எங்களுக்கு ரேஷன் மட்டும் தோற்கவில்லை. மழை இரண்டு வருஷமாகக் கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்தது. ஏரி வெடித்துக் கிடந்தது. ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாகக் கோதுமையைப் போட்டார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் அரிசி மாதிரியே வேகவைத்துத் தின்றுவிட்டு ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

அந்தச் சமயத்தில் மணியம்மைக்கு இரண்டு கண்ணிலும் பூ விழுந்து பார்வை முழுதாகப் போயிருந்தது. இடுப்பும் விட்டுப்போயிற்று. எல்லப்பனும் பாஞ்சாலியும் விடியும் முன்னே கூலி தேடிக் கனகம்மாசத்திரம் வரை நடந்தார்கள். இரண்டு பெண் குழந்தைகளையும் கூடவே இழுத்துக்கொண்டு போனார்கள். வேலை செய்கிற இடத்தில் குழந்தைக்கு ஒரு வாய் கஞ்சி கிடைக்கும் என்ற நப்பாசைதான். கிழவி தனியாகக் கிடந்தாள். ஒருநாள் தாகத்துக்குத் தண்ணீர் தேடித் தவழ்ந்து போனவள், கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றின் விளிம்பில் கையை ஊன்றியபடி கிடந்தாள். மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் பார்த்துத் தூக்கி வந்தார்கள்.

மறுநாளிலிருந்து பாஞ்சாலி அவளைக் கட்டிப்போட்டுவிட்டுப் போனாள். பழம்புடவையைக் கிழித்து இடுப்பில் ஒரு முடிச்சு, நடுக்கம்பத்தில் ஒரு முடிச்சு. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். பேசியவர்களில் ஒருத்தராவது பகலில் போய் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கட்டச் சொன்னதே மணியம்மைதான் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

"நல்லா இறுக்கிக் கட்டு பாஞ்சாலி. நான் கெணத்துல வுழுந்து செத்தா, தள்ளி வுட்டுட்டாங்கன்னு ஒங்க ரெண்டு பேரையும் போலீசு இட்டுகினு போவும்" என்றாளாம்.

பாஞ்சாலி கெட்டவள் இல்லை. ஆனால் பசி அவள் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. பாய் நனைந்திருந்தால் கத்துவாள். கஞ்சி கொட்டியிருந்தால் கத்துவாள். ஒருநாள் திரும்பி வந்து பார்த்தபோது கிழவியின் கஞ்சிச் சட்டியில் தெருநாய் வாயை வைத்திருந்தது. யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள் என்று நினைத்து மணியம்மை அதன் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குப் பாஞ்சாலி கத்தவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

தரும இல்லத்தைப் பற்றிச் சொன்னது தங்கவேல். எங்கள் ஊர்க்காரன், ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங் வேலை பார்த்தவன். அரக்கோணத்தில் ஒரு காண்ட்ராக்டர் தன் தாய் பேரில் கட்டிவிட்ட வீடு அது. வயசானவர்களுக்கு வேளா வேளைக்குக் கஞ்சி, படுக்கக் கயிற்றுக் கட்டில், வாரத்துக்கு ஒருமுறை டாக்டர். துடைத்துக் குளிப்பாட்ட ஆயா. ஒரே ஒரு நிபந்தனைதான்: யாருமே இல்லாதவர்களாக இருக்க வேண்டும். பெற்றவர்களைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு ஓடுகிறவர்கள் பெருத்துவிட்டதால், கிராம முன்சீப்பு விசாரித்துச் சொல்ல வேண்டும், சேருகிறவரும் தன் வாயால் 'எனக்கு யாருமில்லை' என்று சொல்ல வேண்டும்.

எல்லப்பன் வெகுநேரம் யோசித்துவிட்டு அம்மாவிடம் சொன்னான். "கட்டிப்போட்டு வெச்சிகினு கீறதுக்கு, அங்க கட்டில்ல படுத்துகினு கீலாமேம்மா. ஒன் வயித்த ரொப்ப என்னால முடியலையே" என்றான்.

மணியம்மை பக்கத்துச் சுவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். "இந்த ஊட்ல செவுரு எங்க முடியுது, சட்டி எங்க கீதுன்னு என் கைக்குத் தெரியும் நைனா. கொழந்தைங்க வந்தா காலடிச் சத்தத்துலயே யாரு பெரிசு, யாரு சின்னதுன்னு தெரியும். அங்க போனா எல்லாம் புதுசு. கூப்பிட்டா யாரு கொரலுன்னு தெரியாது. செத்தா கொள்ளி யாரு வெப்பான்னும் தெரியாது." சுவரிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, "ஆனா கஞ்சி உண்டுன்னு சொன்னியே. அப்பால இன்னா. நான் போறேன். என் பங்கக் கொழந்தைங்களுக்கு ஊத்துங்க" என்றாள்.

குறுக்கே விழுந்தது பாஞ்சாலி. தினமும் 'எப்பத்தான் கண்ண மூடப் போறியோ' என்று கிழவியைக் கரித்துக்கொட்டியவள், அவள் போகிறேன் என்றதும் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ அங்க போய் எனக்கு யாருமில்லன்னு ஒன் வாயால சொல்லுவியா அத்தே? சொன்னா அப்புறம் இந்த ஆளு யாரு புள்ள? தவிட்டுக்கு வாங்கனவளே இல்லன்னு சொல்லிட்டா எமன் எந்தக் கணக்குல வெப்பான்? என் தாலிய அறுக்கறதுக்கா அங்க போற?"

எல்லப்பன் அதட்டிப் பார்த்தான். "அதெல்லாம் எந்தக் காலத்துக் கத. எமனுக்கு அரக்கோணத்துல இன்னா வேல?" என்றான். சொன்னதை அவனே நம்பவில்லை. மணியம்மையின் முகம் வெளுத்துவிட்டது. அவளுக்கு இது தோன்றியிருக்கவில்லை.

"பாஞ்சாலி சொல்றது ஞாயம்தான். நான் போவல. கட்டிப்போடுங்க, இங்கயே கெடக்கறேன்" என்றாள்.

இப்படியாக, வைத்துக்கொள்ளவும் வழியில்லை, அனுப்பவும் வழியில்லை. இரண்டாவது குழந்தைக்கு முகம் ஊதி, வயிறு மட்டும் பானையாக நின்றது. பாஞ்சாலி இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்தவள் மாதிரி ஆனாள். கடைசியில் எல்லப்பனே முன்சீப்பு பக்தவச்சலத்திடம் போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டான். முன்சீப்பு நாலெழுத்துப் படித்தவர், பொய் சொல்லத் தெரியாதவர். அந்த இரண்டாவது குணம்தான் ஆபத்தாக முடிந்தது.

"மணியம்மைக்கு யாருமில்லன்னு நான் எப்படிடா சொல்ல முடியும்? நீ ஒருத்தன் கல்லுக்குண்டு மாதிரி எதிர்ல நிக்கறியே."

"சர்க்கார் கணக்குல நான் அவங்க புள்ள இல்லீங்களே ஐயா."

"சர்க்கார் நேத்து வந்தது, நாளைக்குப் போவப்போவுது. ஊரு முன்னாடி தவிடு கொடுத்து வாங்கினது செல்லாதா? மீட்டுட்டு வா. அப்புறம் சொல்றேன்."

"மீக்கறதுக்குப் பெத்தவங்க இல்லீங்களே."

முன்சீப்பு தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். அவருக்கே ஒரு வழி தோன்றியது. "ஒம் பொண்டாட்டி கீறாளே. அவ வாங்கட்டும். தவிட்டைக் குடுத்துட்டு ஒன்ன அவ வாங்கிக்கினா நீ அவ ஆளு. எமன் கேட்டா அவ பதில் சொல்லட்டும்."

இதைக் கேட்டுத் தெருவில் சிரித்தவர்கள் உண்டு. 'புருஷன வெலைக்கு வாங்கப் போறா பாஞ்சாலி, மாடு பாக்கற மாதிரி பல்லப் புடிச்சுப் பாத்து வாங்குடி' என்று கிண்டல் செய்தார்கள். பாஞ்சாலிக்குச் சிரிப்பு வரவில்லை. இதில் வழி இருக்கிறது என்று அவள் நம்பினாள். அவன் உயிரும் நிற்கும், கிழவிக்கும் கஞ்சி கிடைக்கும்.

ஆனால் தவிட்டுக்கு எங்கே போவது? முன்பெல்லாம் மாட்டுக்குக்கூட மிஞ்சிக் கிடந்த சாமான் அது. அந்த வருஷம் மனுஷர்கள் தின்றுகொண்டிருந்தார்கள். பாஞ்சாலி திருத்தணிக்கு நடந்துபோய் அரிசி மில்லில் கேட்டாள். மேஸ்திரி வீரபத்திரன் தலையைக்கூடத் தூக்காமல் இல்லை என்றான். அவள் போகவில்லை. மில்லின் மூலை முடுக்கெல்லாம் பெருக்கி, உமியும் மண்ணும் கலந்த குப்பையை நாள் முழுக்கப் புடைத்து, அதிலிருந்து ஒரு முறம் தவிட்டைத் தேற்றினாள். கூலிக்குப் பதிலாக அதை எடுத்துக்கொண்டு போகிறேன் என்றாள். வீரபத்திரன் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தான், போ என்றான்.

வீட்டுக்கு வந்து முறத்தை இறக்கியதும் குழந்தைகள் இரண்டும் ஓடி வந்தன. சின்னது கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் வைக்கப் போனது. பாஞ்சாலி அந்தக் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தவிட்டை முறத்தில் தட்டினாள். ஒரு பிடி குறைந்தாலும் விலை குறைந்துவிடும் என்று பயம். குழந்தை வீறிட்டு அழுதது. தவிட்டுக்காக ஒரு குழந்தை அழுது நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் காலை முன்சீப்பு வந்து உட்கார்ந்தார். நாங்கள் பத்துப் பேர் நின்றோம். மணியம்மையைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். எல்லப்பன் அவள் பக்கத்தில் குந்தியிருந்தான். பாஞ்சாலி முறத்தை அவள் மடியில் வைத்தாள்.

"அத்தே, தவிடு தந்துட்டேன். ஒன் புள்ளைய நான் எடுத்துக்கறேன்."

"எடுத்துக்கோ" என்றாள் மணியம்மை. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"முழுசாச் சொல்லும்மா" என்றார் முன்சீப்பு. "எனக்கும் இவனுக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லு. அதைச் சொன்னாத்தான் விட்டதா அர்த்தம்."

மணியம்மையின் கை தேடித் தேடி எல்லப்பனின் தலைமேல் போய் நின்றது. நெற்றி, மூக்கு, மீசை என்று ஒருதரம் தடவிப் பார்த்தாள். வாங்குகிற சாமானைத் தடவிப் பார்க்கிறவர்கள் உண்டு. கொடுத்துவிடப் போகிற சாமானை அப்படித் தடவுகிறவர்களை நான் பார்த்ததில்லை. பிறகு கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்கும் இவனுக்கும் ஒண்ணுமில்ல" என்றாள்.

எல்லப்பன் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டான். முன்சீப்பு தொண்டையைச் செருமிக்கொண்டு, விலையாக வந்த தவிட்டை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, பசுமாட்டுக்குப் போடுவதுதான் முறை, தன் வீட்டுப் பசு இருக்கிறது என்றார். குழந்தைகள் இரண்டும் முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்க்க முடியாவிட்டாலும் மணியம்மைக்கு அவை எங்கே நிற்கின்றன என்று தெரிந்திருந்தது.

"என் மடிக்கு வந்தது என் தவிடு. நான் வித்து வாங்கனது. ஒங்க பசுவுக்கு ஏன் போடணும்? பாஞ்சாலி, வெல்லம் இருந்தா போடு, இல்லாட்டி உப்பு போட்டு அடை தட்டிக் கொழந்தைங்களுக்குக் குடு. வெலைக்குப் போன ஆளு மட்டும் துன்னக்கூடாது, அவ்ளோதானே மொற?"

முன்சீப்பு 'யாருமில்லை' என்று எழுதிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார். அன்றைக்குக் குழந்தைகள் வயிறாரத் தின்றன. எல்லப்பன் பட்டினி.

அரக்கோணத்துக்கு ரயிலில் போனார்கள். பாஞ்சாலியிடம் இருந்தது இரண்டு புடவை. அதில் கிழியாததைக் கிழவிக்குக் கட்டி அனுப்பினாள். வாசலில் நின்று, "திட்டனதயெல்லாம் மனசுல வெச்சிக்காத அத்தே" என்றாள். "பசி திட்டிச்சி, நீயா திட்டன" என்றாள் மணியம்மை. அதற்குப்பின் எல்லப்பன் முதுகில் ஏறிக்கொண்டாள். ரயிலில் உட்கார்ந்ததும், "தண்ணி இருந்தா குடுங்க தம்பி" என்றாள்.

எல்லப்பன் இதை என்னிடம் பிற்பாடு சொன்னான். யாரையோ கூப்பிடுகிறாள் என்று முதலில் சுற்றும்முற்றும் பார்த்தானாம். பிறந்ததிலிருந்து நைனா என்ற வாய். தன்னைத்தான் என்று புரிந்ததும், "இன்னாம்மா இப்பிடிக் கூப்பிடற, நான் எல்லப்பன்" என்றானாம்.

"தெரியும். அங்க போய் வாய் தவறிடக் கூடாதில்ல. இப்பவே பழகிக்கறேன்."

தரும இல்லத்தில் மானேஜர் ராஜகோபால் நல்ல மனுஷர். முன்சீப்பு எழுதிக்கொடுத்ததைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். கிழவிக்கு ஒரு பெஞ்சைப் போடச் சொன்னார், மோர் கொண்டுவரச் சொன்னார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம் எல்லப்பனைப் பார்த்து, "நீ யாருப்பா இவங்களுக்கு?" என்று கேட்டார்.

வரும் வழியெல்லாம் எல்லப்பன் பதிலைத் தயார் செய்து வைத்திருந்தான். ஊர்க்காரன் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. மானேஜர் கண்ணைச் சுருக்கினார். அப்படி எத்தனை பேரைப் பார்த்திருப்பார் அவர்.

மணியம்மைதான் பேசினாள். "எங்க ஊர்ப் புள்ளதாங்க. கண்ணு தெரியாதவளாச்சேன்னு வழித்துணைக்கு வந்துச்சு. நல்ல புள்ள. பாவம், அதுக்கு வேல கெட்டுப்போச்சு."

"உங்களுக்குன்னு வேற யாராவது இருக்காங்களாம்மா? பயப்படாம சொல்லுங்க."

"யாருமில்லீங்க" என்றாள்.

"அம்மா பொய் சொல்லியிருந்தா நான் தாங்கிகினு இருப்பேன்" என்றான் எல்லப்பன் என்னிடம். "நெஜத்தச் சொல்லிச்சு. நான் வெலைக்குப் போனவன்தானே. அதான் தாங்கல."

ஆயா வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். போகும்போது மணியம்மை இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே போனாளாம். மூலை திரும்புகிற வரைக்கும் அவன் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பவில்லை. பார்வை இல்லாதவள் எதற்குத் திரும்ப வேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் பாஞ்சாலி கேட்டாள். "சேத்துக்கினாங்களா?"

"ஆங்."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"இன்னா சொல்லிச்சு?"

அவன் சொன்னான். பாஞ்சாலி கம்பத்தில் கட்டியிருந்த புடவைத் துண்டை அவிழ்த்துச் சுருட்டிக் கூரையில் செருகினாள். அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை.

அடிக்கடி போய்ப் பார்க்கவும் முடியவில்லை. ஊர்க்காரன் எதற்கு அடிக்கடி வருகிறான், இவன்தான் மகன் போலிருக்கிறது என்று சந்தேகப்பட்டு வெளியே அனுப்பிவிட்டால் என்ன செய்வது? ஒருதரம் மனசு கேட்காமல் போய், வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தான். வேப்பமரத்தடியில் கிழவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மணியம்மைக்குத் தலைமயிரை ஒட்ட வெட்டியிருந்தார்கள். புடவை வெளுப்பாக இருந்தது. உடம்பு கொஞ்சம் தேறியிருந்தது. அவனுக்குச் சந்தோஷம்தான், சொல்லாமல் என்ன. கூப்பிடக் கூடாது என்று அடக்கிக்கொண்டு நின்றவனுக்கு இருமல் வந்துவிட்டது. மணியம்மை சட்டென்று முகத்தைத் தூக்கினாள். வேலிப்பக்கம் திருப்பினாள். எழுந்திருக்கவும் இல்லை, யாரென்று கேட்கவும் இல்லை. அவன் போகிறவரைக்கும் முகத்தை அப்படியே இந்தப் பக்கம் வைத்திருந்தாள்.

அடுத்த அறுப்பு ஓரளவு கைகொடுத்தது. கூலியாகக் கொஞ்சம் நெல் வந்தது. பாஞ்சாலிக்கு ஆசை துளிர்விட்டது. "போய்க் கேட்டுப் பாருய்யா. வரேன்னா இட்டுகினு வந்துடு. இப்ப நான் ஊட்லயே கீறேன், கட்டிப்போட வேணாம்" என்றாள். கோழிமுட்டை இரண்டை அவித்து ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள்.

எல்லப்பன் போனான். வாசல் காவலாளி புதுசு இல்லை, முன்பே பார்த்தவன்தான். மணியம்மையைப் பார்க்க வேண்டும் என்றதும், "கண்டிகை அம்மாவா? தவறிட்டாங்களேப்பா. போன அமாவாசைக்கு முன்னால. தூக்கத்துலயே போயிட்டாங்க, கஷ்டப்படலை" என்றான்.

எல்லப்பன் வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டான். "ஒரு வார்த்த சொல்லி அனுப்பக் கூடாதாங்க?"

"யாருக்குன்னு சொல்லி அனுப்பறது? யாருமில்லாதவங்க. மானேஜரே கொள்ளி வச்சாரு. ஆமா, நீ யாரு அவங்களுக்கு?"

இனிமேல் மறைத்து என்ன ஆகப் போகிறது? அவளை வெளியே அனுப்ப முடியாது. எல்லப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவங்க புள்ளதாங்க" என்றான்.

காவலாளி அவனை மேலும் கீழும் பார்த்தான். கோபப்படவில்லை. தோளைத் தட்டிக்கொடுத்தான்.

"மனசு கேக்காம சொல்றே, புரியுது. ஆனா அந்தம்மாவுக்குப் புள்ளை கிடையாதுப்பா. டாக்டரு கேட்டப்போ, மானேஜரு கேட்டப்போ, கடைசி நாள் ஆயா கேட்டப்போகூட, யாருமில்லன்னுதான் சொன்னாங்க."

எல்லப்பன் ரயிலேறித் திருத்தணியில் இறங்கினான். குளத்தங்கரையில் நாவிதர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வேண்டுதல்காரர்கள் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து தலையும் மீசையும் மழித்துக்கொண்டான். முழுக்குப் போட்டுவிட்டு, ஈரத்துண்டோடு ஊருக்கு நடந்தான்.

வேறு எந்த ஊராக இருந்தாலும் மொட்டைத் தலையோடு வருகிறவனை நிறுத்தி, யார் போனார்கள் என்று கேட்டிருப்பார்கள். திருத்தணிப் பக்கத்தில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. எதிரில் வந்தவர்களெல்லாம், "இன்னா எல்லப்பா, மலைக்கா?" என்று சந்தோஷமாகத்தான் கேட்டார்கள். அவன் "ஆங்" என்றான். நானும்தான் கேட்டேன், என்ன வேண்டுதல் என்று. "கொழந்தைங்களுக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பாஞ்சாலி மட்டும் அந்தத் தலையைப் பார்த்ததும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். குழந்தைகளை வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்திக்கொண்டு, தெருவுக்குக் கேட்காமல், மாரில் அடித்துக்கொண்டு அழுதாள்.